ரோட்டரி எஞ்சினுக்குக் குறைந்த செலவில் சைலன்சர்: பணத்தை எந்த இடத்தில் போடுவது?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். உங்களிடம் 1987-ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்.எக்ஸ்-7 இருக்கிறது. டர்போ இல்லாத 13 பி எஞ்சின், அதாவது பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும் ரோட்டரி வகை. முன்பு வைத்திருந்தவர் அதற்கு ‘ஸ்ட்ரீட் போர்ட்’ வேலை, அதாவது எஞ்சினின் வாய்களைச் சாலை ஓட்டத்துக்கு ஏற்ற அளவில் பெரிதாக்கும் வேலை, செய்திருக்கிறார். பழைய சைலன்சர் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. சென்னைப் புதுப்பேட்டையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஸ்போர்ட்ஸ் சைலன்சரை வாங்கிப் பூட்டுவதா, அம்பத்தூரில் ஒரு பட்டறையில் புதிதாகச் செய்துகொள்வதா, குழாயின் விட்டம் இரண்டரை அங்குலமா மூன்று அங்குலமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் “ஒரு முறைதான் செலவு செய்ய முடியும்” என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான். விட்டத்தைவிட அதற்குத்தான் முதலில் பதில் தேவை.

நான் இயந்திரவியல் டிப்ளமோ முடித்து, 22 ஆண்டுகளாகக் குழாய் வளைப்பதையும் ஒட்டுவதையும் தொழிலாகச் செய்கிறேன். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் போகும் கார்களுக்கு நிறைய ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் முதல் குழாய்கள்) செய்திருக்கிறேன். ரோட்டரி வண்டிகள் என் கைக்கு வந்தவை நான்கு மட்டுமே. ஆகவே உலோகம், வெல்டிங், சத்தம் பற்றி நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். உங்கள் எஞ்சினுக்கு எத்தனை செ.மீ. ஹெடர் குழாய் சரி என்பதை மட்டும் டைனோவில் (நின்ற இடத்திலேயே வண்டியின் சக்தியை அளக்கும் இயந்திரம்) ஏற்றி ஓட்டிப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.

முதலில் வந்த ரோட்டரி வண்டியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் செய்ய நினைப்பதைத்தான் அதன் உரிமையாளரும் செய்திருந்தார். பிஸ்டன் எஞ்சினுக்காகச் செய்த விலை குறைந்த ஆயத்த சைலன்சரை வாங்கிப் பூட்டியிருந்தார். வண்டியைப் பட்டறைக்குள் விட்டதும் பின் நம்பர் பிளேட்டில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். விரலால் தொட்டால் அரித்தது. சைலன்சருக்குள் அடைத்திருந்த கண்ணாடி இழை துண்டு துண்டாகப் பறந்து வந்து படிந்திருந்தது. டப்பாவை விரல் முட்டியால் தட்டினேன். காலி எண்ணெய் டின் போல ஒலித்தது. உள்ளே இருந்த துளைக்குழாய் ஒரு பக்கம் கருகி, ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கிழிந்திருந்தது. அந்த வண்டி அதுவரை மூன்று மாதம்தான் ஓடியிருந்தது. அவர் முதலில் கொடுத்த பணம் முழுவதும் வீண்.

ஏன் இப்படி ஆகிறது? பிஸ்டன் எஞ்சினில் புகை வெளியேறும் வழியை ஒரு வால்வு மெல்லத் திறந்து மெல்ல மூடுகிறது. 13 பி-யில் வால்வு கிடையாது. ரோட்டரின் முனை வெளியேற்றும் வாயைக் கடந்த கணத்தில் அழுத்தத்தோடு இருக்கும் புகை முழு வேகத்தில் பாய்கிறது. ஆர்.எக்ஸ்-7 எஞ்சின்களில் இந்த வாய் ரோட்டர் சுழலும் கூட்டின் (ஹவுசிங்) சுற்றுச் சுவரிலேயே இருப்பதால் அது ஒருபோதும் முழுமையாக மூடுவதில்லை. ஒரு அறை காலியாகி முடிப்பதற்குள் அடுத்த அறை அதே வாயில் திறந்துவிடுகிறது. எரியும் அறையோ நீளமாகவும் தட்டையாகவும் இருக்கிறது. அதன் வால் பகுதியில் எரியாமல் தங்கும் பெட்ரோல் வெளியே வந்து குழாய்க்குள் எரிகிறது. முழு இழுப்பில் புகையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இந்த எஞ்சினுக்கு இயல்பு. ரோட்டரின் முனைகளில் உள்ள சீல்களுக்காக எஞ்சினே அளந்து விடும் எண்ணெயும் இந்தப் புகையோடு சேர்ந்து வருகிறது. இத்தனையையும் முதலில் வாங்கிக்கொள்வது எஞ்சினை ஒட்டிய முதல் ஒரு மீட்டர் குழாய். பணத்தை அங்கே போடுங்கள். பின்னால் பளபளக்கும் வாய்க்கும் முத்திரை பதித்த டப்பாவுக்கும் கடைசியில் மிஞ்சுவது போதும்.

குழாயைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் வண்டிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இதைத் தெரியாமல் செய்தால் எக்ஸாஸ்ட் (புகைக் குழாய் அமைப்பு) மாற்றிய பிறகு வண்டி முன்பைவிட மந்தமாகிவிடும். டர்போ இல்லாத 13 பி-யில் ஒரு ரோட்டருக்கு மூன்று என்று மொத்தம் ஆறு உள்ளிழுக்கும் வாய்கள். அவற்றில் ஐந்தாவதும் ஆறாவதும் வேகம் கூடும்போது மட்டும் திறக்க வேண்டியவை. சுழலும் சிறு உருளைகள் அவற்றைத் திறந்து மூடுகின்றன. 1989 முதல் வந்த வண்டிகளில் அந்த உருளைகளைத் திருப்புவது ஏர் பம்ப்பின் காற்றழுத்தம். 1986 முதல் 1988 வரை வந்த வண்டிகளில் திருப்புவது எக்ஸாஸ்ட்டில் உண்டாகும் எதிரழுத்தம், அதாவது புகை வெளியேறத் தடைபடுவதால் எஞ்சின் பக்கம் திரும்பும் அழுத்தம். உங்கள் வண்டி 1987. தாராளமான குழாய் போட்டு அந்த எதிரழுத்தத்தைக் குறைத்தால் அந்த இரண்டு வாய்களும் ஒழுங்காகத் திறக்காமல் போகலாம். அப்போது மேல் வேகத்தில் எஞ்சின் மூச்சு வாங்கும். மூன்று அங்குலம் போட்டும் இழுவை குறைந்துவிட்டது என்று சிலர் புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே முதல் வேலையாக இன்டேக் (காற்று உள்ளே போகும்) பக்கம் குனிந்து பாருங்கள். அந்த உருளைகளின் தண்டோடு இணைந்த அழுத்தத்தில் அசையும் இரண்டு சிறு டயாஃப்ரம்களும் அவற்றுக்குப் போகும் குழாயும் இருக்கின்றனவா? தண்டைக் கையால் தள்ளினால் தடையில்லாமல் அசைந்து திரும்புகிறதா, இல்லை கரி பிடித்து இறுகிக் கிடக்கிறதா? போர்ட் செய்தவர் உருளைகளை எடுத்துவிட்டிருந்தால் வாய்கள் எப்போதும் திறந்தே இருக்கும். கீழ் வேகத்தில் இழுவை குறையும், ஆனால் எக்ஸாஸ்ட் மாற்றுவதால் புதிதாக எந்தக் கேடும் வராது. உருளைகள் இருந்தால், சிறிய மின்சாரக் காற்றுப் பம்ப்பையும் குறிப்பிட்ட சுழற்சியில் அதை இயக்கும் சுவிட்சையும் வைத்துத் திறக்கச் செய்யலாம். செலவு அதிகமில்லை. இந்த முடிவை எடுக்காமல் பட்டறைக்குப் போகாதீர்கள்.

இனி விட்டம். டர்போ இல்லாத, ஸ்ட்ரீட் போர்ட் செய்த 13 பி-க்கு இரண்டரை அங்குலம், அதாவது வெளிவிட்டம் 63.5 மி.மீ. உள்ள ஒற்றைக் குழாய் போதும். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. மூன்று அங்குலத்தில் உள் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. டர்போ எஞ்சினுக்கு அது வேண்டும். உங்களுக்குப் பெருமளவு சத்தமாகத்தான் திரும்பி வரும். “கொஞ்சம் எதிரழுத்தம் இருந்தால்தான் இழுக்கும்” என்று யாராவது சொன்னால், உருளைகளைத் திருப்புவதைத் தவிர இந்த எஞ்சினுக்கு எதிரழுத்தத்தால் ஒரு நன்மையும் இல்லை என்று சொல்லுங்கள். போர்ட் வேலையில் உள்ளிழுக்கும் வாய் சீக்கிரம் திறக்கிறது, வெளியேற்றும் வாய் அந்தந்த அறைக்குத் தாமதமாக மூடுகிறது. இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தில் எதிரழுத்தம் இருந்தால் எரிந்த புகை இன்டேக்குக்குள் போய்ப் புதுக் கலவையைக் கெடுக்கும். எஞ்சினிலிருந்து ஒவ்வொரு ரோட்டருக்கும் 48 முதல் 51 மி.மீ. வரை தனித்தனிக் குழாய் எடுத்து, சிறிது தூரம் ஓடவிட்டு, பிறகு ஒன்றாக்குங்கள். ஒன்றின் வீச்சு மற்றதன் வாயில் போய் முட்டாமல் இருக்கத்தான் இந்த இடைவெளி. எவ்வளவு தூரம் என்பதுதான் டைனோ சொல்ல வேண்டியது. உங்கள் பணத்துக்கு அதைத் துரத்த வேண்டாம். வண்டியின் அடியில் இடம் கொடுக்கும் வரை தனியாக விட்டுச் சேர்த்தால் போதும்.

பொருள் வாங்கும்போதுதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். பாரிமுனை செம்புதாஸ் தெருவில் போய் “இரண்டரை இஞ்ச் எஸ்.எஸ். பைப்” என்று கேட்டால் தண்ணீர்க் குழாய்க் கணக்கில் 73 மி.மீ. வெளிவிட்டம் உள்ளதை எடுத்துக் கொடுப்பார்கள். மூன்று அங்குலம் என்றால் 88.9 மி.மீ. கடைக்காரர் மேல் தவறில்லை, அவர்களுடைய அளவு முறை அது. சுவரும் 3 மி.மீ. அளவுக்குத் தடிமனாக இருக்கும், வண்டியின் அடியில் வீண் பாரம். “வெளிவிட்டம் 63.5, தடிமன் ஒன்றரை” என்று மி.மீ. கணக்கில் கேளுங்கள். வெர்னியர் கையோடு எடுத்துப் போங்கள்.

அடுத்தது உலோகம். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டும். பளபளப்பில் அதைப் போலவே இருக்கும் 202 விலை குறைவு, நிக்கலும் குறைவு; கைப்பிடிக் கம்பிக்கும் கேட்டுக்கும் போதும், உங்கள் எஞ்சினுக்குப் போதாது. காந்தம் வைத்துப் பார்த்து வாங்குகிறேன் என்று பலர் நம்பிக்கையோடு சொல்கிறார்கள். 202-லும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. கார் கம்பெனிகளே சைலன்சருக்குப் பயன்படுத்தும் 409 வகையில் காந்தம் நன்றாக ஒட்டும், அது இந்த வேலைக்கு நல்ல உலோகம்தான். ஆகவே காந்தச் சோதனை இங்கே தலைகீழாகக் காட்டிக்கொடுக்கும். உலோகத்தைத் தயாரித்த ஆலை தரும் மில் சான்றிதழைக் கேளுங்கள். ஸ்டெயின்லெஸ் கடைகளில் ஒரு சோதனைத் திரவம் வைத்திருப்பார்கள். ஒரு சொட்டு விட்டு நிறம் மாறுவதைப் பார்த்து 202-ஐப் பிரித்துவிடலாம். 304 உலோகம் விட்டு விட்டுச் சூடாகும் வேலையில் 870 டிகிரி வரை செதில் விடாமல் நிற்கும். உங்கள் எஞ்சின் அந்த எல்லைக்கு மேலே போகக்கூடியது. அதனால் முதல் ஒரு மீட்டருக்கு மட்டும் 2 மி.மீ. தடிமன் எடுங்கள். பணம் இடம் கொடுத்தால் அந்தப் பகுதிக்கு 321 நல்லது, டைட்டானியம் சேர்த்த வகை. பின் பகுதிக்கு ஒன்றரை மி.மீ. 304 தாராளம்.

வளைவுகளுக்கு ஒரு வழி சொல்கிறேன், இதில்தான் செலவு மிச்சமாகும். சாதாரண அழுத்து இயந்திரத்தில் வளைத்தால் வளைவின் உள்பக்கம் நசுங்கிச் சுருங்கும். நசுங்காமல் இருக்கக் குழாய்க்குள் மேண்ட்ரல் என்ற தாங்கியை வைத்து வளைத்துத் தருபவர்களிடம் போனால் கூலி ஏறும். பால் பண்ணைகளுக்கும் மருந்துத் தொழிற்சாலைகளுக்கும் குழாய் போடுபவர்கள் வாங்கும் ‘டெய்ரி பெண்ட்’ கேளுங்கள். 51, 63.5, 76 மி.மீ. அளவுகளில் வரும். எல்லாமே வெளிவிட்டக் கணக்கு. பாலும் மருந்தும் ஓட வேண்டியது என்பதால் 304 அல்லது 316 உலோகம், உள்பக்கம் கண்ணாடி போல் வழவழப்பாக இருக்கும். தொண்ணூறு டிகிரி பெண்டை வேண்டிய கோணத்தில் அறுத்து நேர்க்குழாயோடு ஒட்டிக்கொண்டே போனால் நசுங்காத எக்ஸாஸ்ட் கிடைத்துவிடும். ஒட்டு அதிகம்தான், ஆனால் ஆர்கான் வெல்டிங் கூலி இந்த ஊரில் இன்னும் நியாயமாக இருக்கிறது.

வெல்டரைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு சோதனை. “குழாயின் உள்ளே ஆர்கான் விட்டு ஒட்டுவீர்களா?” என்று கேளுங்கள். ஆம் என்றால் ஒரு துண்டை ஒட்டச் சொல்லி, அறுத்து உள்பக்கம் பாருங்கள். உள்ளே வாயு விடாமல் ஒட்டினால் வெளியே அழகான தையல் தெரியும். உள்ளேயோ கருகிய சர்க்கரைப் பாகு போல் பொருபொருவென்று மேடு தட்டியிருக்கும். ரோட்டரியின் அடியில் விரிசல் அந்த மேட்டில்தான் தொடங்கும். வாயு விட்டு ஒட்டிய துண்டின் உள்பக்கம் வெள்ளியாகவோ இளம் வைக்கோல் நிறமாகவோ இருக்கும். 304-க்கு 308 எல் கம்பி. சாதாரண இரும்பு ஃபிளாஞ்ச்சோடு (போல்ட் போட்டுப் பூட்டும் தகடு) சேர்க்கும் இடத்தில் 309 எல் கம்பி. எஞ்சின் பக்கத்து ஃபிளாஞ்ச்சை 10 மி.மீ. தடிமனுக்குக் குறையாமல் லேசரில் வெட்டி வாங்குங்கள், ஒட்டி முடித்த பிறகு லேத்தில் கொடுத்து முகத்தைச் சமன் செய்யுங்கள். மெல்லிய ஃபிளாஞ்ச் சூட்டில் வாழை இலை போல் வளையும். எத்தனை பேக்கிங் மாற்றினாலும் புகை கசியும்.

304 சூட்டில் நன்றாக நீளும். இரண்டு மீட்டர் குழாய் 400 டிகிரி கூடினால் 13 மி.மீ.க்கு மேல் நீண்டுவிடும். அதற்கு இடம் வைக்காமல் இரு முனையிலும் இறுக்கிக் கட்டினால் எங்காவது ஓர் ஒட்டு பிளக்கத்தான் செய்யும். ஹெடர் சேரும் இடத்துக்குப் பின்னால் பின்னல் போட்ட ஒரு ஃபிளெக்ஸ் துண்டு, அதற்குப் பின்னால் முழுக்க ரப்பர் மவுண்ட். நம் ஊர் வேகத்தடைகளையும் கணக்கில் வையுங்கள். வண்டியின் மிகத் தாழ்ந்த புள்ளியாகச் சைலன்சர் இருக்கக் கூடாது. குழாயின் மேல் வெப்பம் தாங்கும் துணிச் சுற்று சுற்றலாமா என்றால் இந்த ஊருக்கு வேண்டாம். ஐப்பசி மழையில் சாலைத் தண்ணீரை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உள்ளே குழாய் கெடுவது வெளியே தெரியாது. கால் வைக்கும் தளத்துக்கும் குழாய்க்கும் நடுவே அலுமினியத் தகட்டு மறைப்பு போதும்.

சத்தம்தான் மீதி. ஒரே சைலன்சர் இந்த எஞ்சினை அடக்காது. நடுவில் நேர்வழித் துளைக்குழாய் வைத்த நீண்ட ரெசனேட்டர் (துணைச் சைலன்சர்) ஒன்று, பின்னால் பெரிய சைலன்சர் ஒன்று. இரண்டிலும் துளைக்குழாயைச் சுற்றி முதலில் ஸ்டெயின்லெஸ் இழையைச் சுற்றி, அதற்கு வெளியேதான் பசால்ட் அல்லது செராமிக் இழை அடைக்க வேண்டும். டப்பாவின் ஒரு முனையைப் போல்ட்டில் கழற்றும்படி செய்யச் சொல்லுங்கள், உள்ளே அடைத்த இழை தீர்ந்தால் நாமே மாற்றிக்கொள்ளலாம். நெடுஞ்சாலை வேகத்தில் காதை அடைக்கும் ரீங்காரம் வந்தால் அதற்கும் மலிவான மருந்து உண்டு. இரண்டு ரோட்டர் எஞ்சின் தண்டின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிகிறது. நிமிடத்துக்கு 3,000 சுழற்சியில் வினாடிக்கு 100 துடிப்பு. 300 டிகிரிப் புகையில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 480 மீட்டர் வேகத்தில் போகும். அந்த அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது 1.2 மீட்டர் நீளமுள்ள, முனை மூடிய கிளைக்குழாயைப் பிரதான குழாயின் பக்கவாட்டில் ஒட்டினால் அந்த ரீங்காரம் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். கிளைக்குள் இருக்கும் வாயு சற்று ஆறியிருக்கும் என்பதால் உண்மையான நீளம் இதைவிடக் குறையலாம். நீளமாக ஒட்டி, முனையைத் தற்காலிகமாக அடைத்து, ஓட்டிப் பார்த்து, சிறிது சிறிதாக அறுத்துச் சரியான இடத்தில் நிறுத்துங்கள்.

சட்டத்தையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் உங்களுக்கும் பொருந்தும். ஒலி, புகை வரம்பை மீறினால் 190-ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, உரிமத்துக்கும் ஆபத்து. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பதுதான் நாட்டின் ஒலி விதி. போர்ட் செய்த ரோட்டரியைச் சைலன்சர் இல்லாமல் இரவில் ஓட்டினால் அந்தத் தெருவில் குழந்தையும் முதியவரும் தூங்க முடியாது. ஆகவே சாலையில் ஓட்டுவதானால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்ற வேண்டாம். பழையது அடைத்திருந்தால் உலோகக் கூடுள்ள புதியது போடுங்கள். அடைத்த கன்வெர்ட்டரோடு ஓட்டுவது கழற்றுவதைவிட மோசம். வெப்பம் எஞ்சினுக்கே திரும்பி முனை சீல்களைத் தின்றுவிடும். இக்னிஷன் சரியாக எரியாமல் பெட்ரோல் தப்பி வந்தால் புதிய கன்வெர்ட்டரும் உருகும். அதற்கு முன் பிளக்கையும் காயிலையும் சரிபாருங்கள்.

பணக் கணக்குக்கு வருகிறேன். 60,000-ல் பாதியை ஹெடருக்கும் முதல் ஒரு மீட்டருக்கும் வையுங்கள். கால் பங்கு இரண்டு சத்தம் தடுக்கும் டப்பாக்களுக்கு. மீதியில் பின்குழாய், மவுண்ட், கூலி. கன்வெர்ட்டர் புதிதாக வாங்க வேண்டி வந்தால் இந்தத் தொகைக்குள் அது அடங்காது. அப்போது ஹெடரில் மிச்சம் பிடிக்காதீர்கள், ஒரு மாதம் பொறுத்து வாங்குங்கள். ஹெடரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, குழாயின் மேல் பக்கத்தில், ஆக்ஸிஜன் சென்சாருக்கான 18 மி.மீ. நட்டு ஒன்றை இப்போதே ஒட்டச் சொல்லுங்கள். குழாய் தாராளமானதும் காற்று அதிகம் போகும், பழைய பெட்ரோல் அளவு போதாமல் கலவை வறளும். ரோட்டரியில் வறண்ட கலவை என்றால் வெடிப்புத் தட்டு (கலவை நேரம் தவறி வெடிப்பது), தட்டு என்றால் உடைந்த சீல். அதை அளந்து பார்க்காமல் முழு இழுப்பு கொடுக்காதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பணத்தை எடுப்பதற்கே முன்னால், எஞ்சினின் கம்ப்ரஷனை, அதாவது அறைக்குள் உண்டாகும் அழுத்தத்தைப் பாருங்கள். சாதாரண கேஜ் ரோட்டரின் மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும் காட்டி நிற்கும். அதன் ஊசி வால்வை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் முள் மூன்று முறை துள்ளும். மூன்றும் ஒரே உயரத்துக்குத் துள்ள வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்தால் அந்த 60,000 எஞ்சினுக்கு வேண்டியது, சைலன்சருக்கு அல்ல. மூன்றும் சமம் என்றால் தைரியமாக வேலையைத் தொடங்குங்கள். பூட்டி முடித்து முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஓர் இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் ஹெடர் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். முதல் சில சூடுகளில் பேக்கிங் அமுங்கி அவை கட்டாயம் தளர்ந்திருக்கும்.